‘மன்றாடுவோமாக’ என்றதும் அரை நிமிடம் தாருங்கள்

அன்பார்ந்த பங்குத் தந்தையர்களுக்கு, தோத்திரம்.

கேட்பது ஒன்றுதான். ஞாயிறு பூசையில் ‘மன்றாடுவோமாக’ என்று சொன்னதும் கொஞ்சம் நிறுத்துங்கள். பல கோயில்களில் அந்தச் சொல்லும், பூசையின் தொடக்கத்தில் குரு சொல்லும் திருக்குழும மன்றாட்டும் ஒரே மூச்சில் ஓடிவிடுகின்றன. மனதில் சுமந்து வந்ததை நாங்கள் நினைத்துக்கொள்வதற்குள் ‘ஆமென்’ வந்துவிடுகிறது.

இலத்தீனில் அந்த மன்றாட்டுக்குக் ‘கொல்லெக்தா’ என்று பெயர். சேர்ப்பது, கூடுவது என்ற பொருளில் வருவது. பழைய உரோமையில் தவக்கால நாள்களில் மக்கள் முதலில் ஒரு கோயிலில் கூடி, மன்றாட்டுமாலை பாடியபடி இன்னொரு கோயிலுக்குப் பவனியாகப் போய்ப் பூசை கண்டார்கள். திருநீற்றுப் புதனன்று புனித அனஸ்தாசியா கோயிலில் கூடி, அவெந்தீனோ குன்றிலுள்ள புனித சபீனா கோயிலுக்கு நடந்தார்கள். புறப்படும் முன் சொன்ன செபத்திலிருந்தே பெயர் வந்தது என்பது ஒரு விளக்கம்.

எனக்கு நெருக்கமானது மற்றொன்று. எகிப்தியத் துறவிகள் செபித்த விதத்தை 5ஆம் நூற்றாண்டில் துறவி யோவான் காசியன் எழுதிவைத்தார். சங்கீதம் முடிந்ததும் எல்லோரும் மௌனமாக வேண்டுவார்கள், சற்று நேரம் தரையில் விழுந்தும் வேண்டுவார்கள். செபத்தைச் ‘சேர்க்க’ வேண்டியவர் எழுந்த பிறகுதான் மற்றவர்களும் எழுவார்கள். ‘சேர்க்க’ என்பதற்குக் காசியன் எழுதிய வினைச்சொல்லும் கொல்லெக்தாவின் வேர்தான். 9ஆம் நூற்றாண்டில் துறவி வலாஃப்ரிது ஸ்திராபோவும், தேவையான வேண்டுதல்களைச் சுருக்கமாகத் திரட்டுவதால் இந்தப் பெயர் என்றார்.

அப்படியானால் முதலில் நாங்கள் வேண்ட வேண்டும், பிறகுதான் நீங்கள் திரட்ட முடியும். பெரிய வெள்ளியன்று பொது மன்றாட்டுகளில் இந்த ஒழுங்கு இன்றும் அப்படியே இருக்கிறது: கருத்து, மௌனம், அப்புறம் குருவின் செபம். 1570 பூசைநூலில் வெறும் ‘செபம்’ என்றிருந்த தலைப்பை 1970 பூசைநூல் ‘கொல்லெக்தா’ என்று மாற்றியது. பூசை நடத்தும் முறையைச் சொல்லும் இன்றைய பூசைநூலின் பொதுப் படிப்பினை 54ஆம் எண்ணும் குருவோடு சேர்ந்து எல்லோரும் சற்று மௌனம் காக்கவே சொல்கிறது. நாங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை, தந்தையே.

ஆஸ்பத்திரியில் பிள்ளையை விட்டு வந்தவர், வேலை போனவர், நேற்று அடக்கம் முடித்தவர் என்று எத்தனையோ பேர் எங்கள் நடுவே நிற்கிறார்கள். அவர்களுக்கு அரை நிமிடம் போதும். அந்த நேரத்தில் மெல்லிய இசைகூட வேண்டாம் என்று கீபோர்டு வாசிக்கும் தம்பியிடமும் சொல்லிவையுங்கள்.