பேப்பர் அண்ணனுக்கும் பண்ணைக்காட்டு உறவுகளுக்கும்

பண்ணைக்காடு ஊர் மக்களுக்கும், தாண்டிக்குடியிலிருந்தும் ஊத்திலிருந்தும் வந்து எங்களோடு நின்றவர்களுக்கும் வணக்கம்.

கடனுக்காக வங்கி எங்கள் வீட்டை விட்ட ஏலம் ரத்தாகிவிட்டது. வங்கிக் கடன் வழக்குகளை விசாரிக்கும் மதுரை கடன் மீட்புத் தீர்ப்பாயத்தின் உத்தரவு நகல் இன்று மாலை கைக்கு வந்தது. வக்கீல் அம்மா போனிலேயே சொல்லியிருந்தார்கள். ஆனாலும் சீல் வைத்த காகிதத்தைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு சீரானது. வீட்டில் எல்லாரும் அசந்து தூங்குகிறார்கள். உங்களுக்கு நன்றி சொல்லாமல் படுக்க எனக்கு மனம் வரவில்லை. நடந்தது என்ன என்று உங்களுக்கே தெரியும், பாதிப் பேர் எங்கள் வாசலில் நின்று பார்த்தவர்கள். அதையெல்லாம் திரும்ப எழுதப் போவதில்லை.

எழுத வேண்டியது எங்கள் மலையில் நாளிதழ் ஏஜென்சி நடத்திப் பேப்பர் போடும் பேப்பர் அண்ணனைப் பற்றி. அவர் பெயரைப் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஊரில் எல்லாருக்கும் அவர் பேப்பர் அண்ணன்தானே, அதுவே போதும்.

ஏல அறிவிப்பைத் தமிழ் நாளிதழில் முறைப்படி வெளியிட்டுவிட்டோம் என்று, தீர்ப்பாயத்தில் நாங்கள் போட்ட வழக்குக்கு வங்கித் தரப்பு பதில் மனுவில் சொன்னது. பத்திரிகையின் பெயர், தேதி, அறிவிப்பின் நகல் எல்லாம் இணைத்திருந்தார்கள். அந்தத் தேதியில் ஊரில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. படவில்லை என்று நாங்கள் வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? பழைய பேப்பர் எங்காவது கிடைக்குமா என்று டீக்கடையில் கேட்டுக்கொண்டிருந்தேன். அது எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்கிறது. இத்தனைக்கும் நாங்கள் அவரிடம் பேப்பர் வாங்குவதை நிறுத்தி வெகு நாளாகிறது. அவருக்கும் எங்களுக்கும் பார்த்தால் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான் பழக்கம்.

மறுநாள் காலையில் பேப்பர் போட்டு முடித்த கையோடு வாசலில் வந்து நின்றார். பனியில் தலைத்துண்டு நனைந்திருந்தது. பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு பேப்பரை எடுத்து, "தங்கச்சி, நீங்க தேடுற தேதி இதுதானான்னு பாருங்க" என்றார்.

அதேதான். அந்தப் பேப்பர் அவர் வீட்டுச் சமையலறை அலமாரியில் விரித்துக் கிடந்தது. முந்தின நாள் ராத்திரி அண்ணி தட்டிலிருந்த டப்பாக்களையும் பாத்திரங்களையும் இறக்கி வைக்க, இவர் டார்ச் அடித்து ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் தேதி பார்த்திருக்கிறார். ஒரு தாளில் எண்ணெய் டப்பா வட்டமாகத் தடம் பதித்திருந்தது. இன்னொன்று மிளகு மூட்டைக்கு அடியில் கிடந்ததால் மடிப்பெல்லாம் கருப்பு. கையால் நீவி நீவி எல்லாவற்றையும் பக்க வரிசைப்படி அடுக்கியிருந்தார். நடுவில் ஒரு தாள் மட்டும் இல்லை.

எனக்கு அதுவே பெரிய விஷயமாகத் தெரிந்தது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு தாள் குறைஞ்சா, அதுலதான் இருந்துச்சுன்னு சொல்லிருவாங்கம்மா" என்று சொல்லிவிட்டு நேரே பஸ் ஸ்டாப் பக்கத்து சலூனுக்குப் போனார். அங்கே வாடிக்கையாளர்களுக்குப் போட்ட பழைய பேப்பர் மூலையில் ஆள் உயரத்துக்கு இருக்கும். சலூன் அண்ணன் கத்தரியை வைத்துவிட்டு வந்து கூடவே தேடினார். முடிவெட்ட உட்கார்ந்திருந்தவர்கூடக் கழுத்துத் துணியோடு எழுந்து வந்து கட்டைப் பிரித்தார். அந்தத் தாள் கிடைத்தது. முதல் பக்கத்திலிருந்து கடைசி விளையாட்டுப் பக்கம் வரை அந்த அறிவிப்பு எங்கேயும் இல்லை.

அதற்கான காரணத்தையும் அவரேதான் விளக்கினார். எங்கள் மலைக்கு வருவது மதுரைப் பதிப்பு. விடியற்காலையில் வத்தலக்குண்டிலிருந்து ஏறும் பஸ்ஸில் கட்டு வரும், கயிற்றை அறுத்து எண்ணிப் பிரிப்பது அவர். வங்கித் தரப்பு இணைத்திருந்த நகலில் பக்கத்தின் மேல் ஓரத்தைப் பார்க்கச் சொன்னார். பொடி எழுத்தில் சென்னை என்று இருந்தது. அதே பத்திரிகை, அதே தேதி, வேறு பதிப்பு. நாங்கள் அத்தனை பேர் அந்த நகலைப் புரட்டியிருக்கிறோம். தினமும் அந்தப் பக்கங்களைக் கையில் பிடிக்கிறவர் கண்ணுக்குத்தான் அது பட்டது.

அந்த ஒரு ஓரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று சிலர் கேட்டீர்கள். வக்கீல் அம்மா எனக்குச் சொன்னதைச் சொல்கிறேன். 2002-ல் வந்த சர்ஃபாசி சட்டத்தின்படி வங்கி கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்கலாம். அவ்வளவு பெரிய அதிகாரம் கொடுத்திருப்பதால்தான் ஒவ்வொரு படியிலும் நோட்டீஸ் கட்டாயம். கடனைக் கட்டச் சொல்லி முதலில் 60 நாள் நோட்டீஸ். சொத்தை எடுத்தால், எடுத்துவிட்டோம் என்று சொல்லும் சுவாதீன அறிவிப்பு. விற்கப் போகிறார்கள் என்றால் கடன் வாங்கியவருக்கு 30 நாள் முன்பே நேரடியாகத் தெரிவிக்க வேண்டும், கூடவே இரண்டு முன்னணி நாளிதழ்களில் வெளியிட வேண்டும். அதில் ஒன்று அந்த வட்டாரத்தில் நன்றாக ஓடும் உள்ளூர் மொழி நாளிதழாக இருக்க வேண்டும். 2014-ல் மேத்யூ வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த நோட்டீஸ் விதிகளைத் தட்டிக்கழிக்க முடியாது என்று சொல்லியிருக்கிறது. இதில் இன்னொன்றும் உண்டு. முன்பெல்லாம் விற்பனை நடக்கும் நாள் வரை முழுக் கடனையும் கட்டிச் சொத்தை மீட்கலாம் என்று இருந்தது. 2016-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது ஏல அறிவிப்பு வெளியாவதற்குள் கட்டியாக வேண்டும். எங்கோ சென்னையில் ஒருவர் காப்பி குடித்தபடி புரட்டிய பேப்பரில் எங்கள் வீட்டின் கெடு முடிந்திருக்கிறது, இங்கே எங்களுக்குத் தெரியவே இல்லை. இது நியாயம் என்று யாராவது சொல்ல முடியுமா?

தபாலில் அனுப்பிய நோட்டீஸ் கதையும் இதேதான். பிள்ளைகள் படிப்புக்காக வத்தலக்குண்டில் குடியிருந்த பழைய வாடகை வீட்டு விலாசத்துக்கு அனுப்பி, அது திரும்பிப் போயிருக்கிறது. ஏலம் விடும் வீட்டின் விலாசம் அவர்கள் பத்திரத்திலேயே இருக்கிறது.

அப்புறம் அஃபிடவிட், அதாவது உறுதிமொழி கொடுத்து எழுதித் தரும் வாக்குமூலம். மலைக்கு எந்தப் பதிப்பு வருகிறது என்று விநியோகிக்கிறவரே எழுதிக் கொடுத்தால் பலமாக இருக்கும் என்று வக்கீல் அம்மா சொன்னார்கள். பேப்பர் அண்ணனிடம் கேட்கவே எனக்குக் கூச்சம். ஏஜென்சி நடத்துகிறவர், ஒரு வங்கிக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டு அவர் பிழைப்புக்கு ஏதாவது வந்துவிட்டால்? இரண்டு நாள் யோசித்துப் பிறகு சொல்லுங்கள் என்றேன். அவர் யோசிக்கவில்லை. "எந்த ஊரு பேப்பர் வருதுன்னு சொல்றதுல என்னம்மா தப்பு இருக்கு? உள்ளதைத்தானே சொல்றோம்." மகனைப் பேப்பர் போடச் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் எங்களோடு மதுரைக்கு வந்தார். வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். பையில் ஏஜென்சி ரசீதுப் புத்தகங்கள். பஸ் செலவுக்கு நான் நீட்டிய பணத்தை வாங்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கும் அவரே முந்திக்கொண்டு காசு கொடுத்தார்.

விசாரணையன்று எண்ணெய்த் தடத்தோடு இருந்த அந்தப் பேப்பரையும் வங்கித் தரப்பு நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். வட்டாரத்தில் விநியோகமாகாத பதிப்பில் வந்தது சரியான வெளியீடு ஆகாது, கடன் வாங்கிய எங்களுக்கு விற்பனை நோட்டீஸும் சேரவில்லை என்று சொல்லி ஏலத்தை ரத்து செய்திருக்கிறார்கள். ஏலம் எடுத்தவருக்கு அவர் கட்டிய பணம் திரும்பப் போகும். அவர் மேல் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை, அவரும் அந்த அறிவிப்பை நம்பித்தானே வந்தார்.

மற்றவர்களை ஒவ்வொருவராக எழுதினால் விடிந்துவிடும். இங்கிலீஷ் நோட்டீஸை வரி வரியாகத் தமிழில் சொன்ன ரிட்டயர்டு டீச்சர், தபால் திரும்பிய விவரத்தை எழுதி வாங்க வழி காட்டிய போஸ்ட்மேன் தம்பி, தீர்ப்பாயக் கட்டணத்துக்குச் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்த மகளிர் குழு அக்காமார், நாங்கள் மதுரை போன நாளெல்லாம் அத்தையைப் பார்த்துக்கொண்ட மேல்வீட்டுக்காரர்கள், இலவச சட்ட உதவி பெறப் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது என்று சொல்லிக் கொடைக்கானல் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குக் கையோடு கூட்டிப்போன பக்கத்துத் தோட்டத்து மதினி, எல்லாருக்கும் நன்றி. வக்கீல் அம்மா எங்களிடம் ஒரு ரூபாய் வாங்கவில்லை. போன் பண்ணினால் எடுப்பார்கள், அதுவே எங்களுக்கு அந்த நாட்களில் பாதி தைரியம்.

கடன் போய்விடவில்லை. வாங்கியது நாங்கள், கட்டப் போவதும் நாங்கள்தான். வங்கி மறுபடி முறைப்படி நோட்டீஸ் கொடுத்து ஆரம்பிக்கலாம், அந்த உரிமை அவர்களுக்கு உண்டு. அதற்குள் தவணை பேசி முடிக்க மனு கொடுத்திருக்கிறோம். காப்பிப் பழமும் மிளகும் இந்த வருடம் சுமாராக இருக்கிறது. விற்றால் முதல் தவணைக்கு ஆகும். வீட்டை ஒட்டிய காப்பித் தோட்டம் விவசாய நிலம், அது இந்தச் சட்டத்துக்குள் வராது என்று நாங்கள் எழுப்பிய கேள்வி இன்னும் நிலுவையில் இருக்கிறது. பட்டாவில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு நிறுத்தாமல் நிலம் உண்மையில் எதற்குப் பயன்படுகிறது என்று பார்க்க வேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை வக்கீல் அம்மா நம்பிக்கையோடு பிடித்திருக்கிறார்கள்.

எனக்கு ஒரு முடிவு இருக்கிறது, அதை ஊரறியச் சொல்லிவிடுகிறேன். இந்த மலையில் நோட்டீஸ் வந்து, அதைப் பிரிக்கவே பயந்து சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறவர்கள் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். எடுத்துக்கொண்டு வாருங்கள். 60 நாள் நோட்டீஸ் என்றால் அதற்கு ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம், வங்கி 15 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். சுவாதீனம் எடுத்துவிட்டார்கள் என்றால் 45 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும், தள்ளிப்போட்டால் கஷ்டம். நான் படித்துச் சொல்கிறேன், தேதியைக் குறித்துத் தருகிறேன், சட்டப் பணிகள் குழுவுக்குக் கூடவே வருகிறேன். அறிவிப்பு எந்தப் பதிப்பில் வந்தது என்று பார்க்க வேண்டியிருந்தால் பேப்பர் அண்ணனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் காலையில் பேப்பர் போட்டு முடிய எட்டு மணி ஆகும். நான் மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். நோட்டீஸ் வந்த கவரையும் தூக்கிப் போடாமல் கொண்டு வாருங்கள், தபால் முத்திரைத் தேதி அதில்தான் இருக்கும்.