வாலாஜாவைத் தாண்டி

பெரம்பூர், சென்னை
26.10.2025

அன்புள்ள கோபாலு,

இங்கு நலம். அங்கு நீயும் தங்கச்சியும் நலம்தானே? தீபாவளிக்குப் போன் பண்ணாததற்குத் திட்டத்தான் போகிறாய். திட்டு, ஆனால் முதலில் இதை முழுக்கப் படித்துவிடு. போனை வைத்துக்கொண்டு எதற்குடா கடிதம் என்று கேட்பாய். எங்கள் வீட்டில் போன் வந்தால் சரோஜா ஸ்பீக்கரில் போட்ட பிறகுதான் அது என் கைக்கு வரும். அவள் காதில் விழக்கூடாத சங்கதி ஒன்று இருக்கிறது. கொஞ்சம் பொறு, வருகிறேன்.

சேட்டு பத்திரிகை அனுப்பியிருப்பானே? தை மாதம், பம்பாய் மாட்டுங்காவில் அவன் வீட்டுக் கல்யாணம். எனக்குப் போன் பண்ணி என்ன சொன்னான் தெரியுமா? "ரயில்ல வந்துடுங்கடா. ரோடு வேணாம். வாலாஜாவுல டீ ஆறிப்போயிடும்." முப்பத்தாறு வருஷமாக இதே பாட்டு. நீயும் நானும் அன்றைக்கு வாலாஜாப்பேட்டையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நின்றோம், அவன் தாதர் எக்ஸ்பிரஸில் சன்னலோரம் உட்கார்ந்து போனான், அவ்வளவுதான் விஷயம். என்னவோ அவனே இஞ்சினை ஓட்டிக்கொண்டு போன மாதிரிப் பேச்சு.

எனவே முடிவு பண்ணிவிட்டேன். காரில்தான் போகிறோம். நான், சரோஜா, நீ, தங்கச்சி. பெரம்பூரில் கிளம்பி ஓசூரில் உங்களை ஏற்றிக்கொண்டு மாட்டுங்கா வாசலில் போய் நிற்கிறோம். கிட்டத்தட்ட 1,340 கிலோமீட்டர். "ஃபிளைட்ல ரெண்டு மணி நேரம்பா" என்கிறான் பையன். அவனுக்கு வாலாஜா டீயைப் பற்றி என்ன தெரியும்?

நாம் போன காலத்து என்.எச். 4 இப்போது 48 ஆகிவிட்டது. எண்ணை மாற்றி வருஷம் பதினைந்து ஆகிறது, நான் இன்னும் நாலு என்றுதான் சொல்கிறேன். தங்க நாற்கரம் என்று நாலு பெருநகரங்களையும் சேர்த்து 5,846 கிலோமீட்டர் போட்டார்களே, அதில் ஒரு பக்கம்தான் நம் ரோடு. ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். பக்கத்துக்கு ஒரு ஊர். சரோஜா அதற்கு "மாமியார் வீடு" என்று பேர் வைத்திருக்கிறாள். எந்நேரமும் நான் அங்கேயே இருக்கிறேனாம்.

திட்டத்தைக் கேள். முதல் நாள் ஓசூர் வரை மட்டும், 310 கிலோமீட்டர். ராத்திரி உன் வீட்டில். மறுநாள் எலக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் நைஸ் ரோட்டில் ஏறி, பெங்களூருக்குள் நுழையாமலே தும்கூர் ரோட்டைப் பிடிக்கிறோம். தும்கூருக்குச் சற்று முன்னால் கியாத்தசந்திராவில் தட்டை இட்லி. தட்டு அளவில் இருக்கும், உனக்கு ஒன்று போதும். மத்தியானத்துக்குள் சித்ரதுர்கா. காற்றாலைகள் சுற்றுகிற குன்றுகளைப் பார்த்துக்கொண்டே போகலாம். சாயங்காலம் கோட்டை. ஏழு சுற்று மதில். அதில் ஒரு சந்து வழியாக ஹைதர் அலியின் ஆட்கள் ஒவ்வொருவராக நுழைந்தபோது ஓபவ்வா என்ற காவற்காரன் மனைவி உலக்கையாலேயே அடித்துச் சாய்த்தாள் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். தங்கச்சியை அந்த இடத்தில் நிறுத்தி ஒரு போட்டோ எடுக்க வேண்டும். உலக்கைக்கு நான் பொறுப்பு.

மூன்றாம் நாள் தாவணகெரே வெண்ணெய் தோசை. (உன் சர்க்கரைக்கு ஒன்றுதான், எண்ணி வைப்பேன்.) ஹரிஹரில் துங்கபத்ராவைத் தாண்டி, ஹாவேரிக்கு முன்னால் பிரிந்து போனால் பியாடகி. மிளகாய்ச் சந்தை. தை மாதம் என்றால் வரத்து ஆரம்பித்திருக்கும், சிவப்புக் கம்பளம் விரித்த மாதிரிக் காயப்போட்டிருப்பார்கள். காரம் குறைவு, நிறம் ஜாஸ்தி. சேட்டுவின் கோபம் மாதிரி. சரோஜா இப்போதே ரெண்டு கிலோவுக்குப் பையைத் தேடுகிறாள். ஹுப்ளி தாண்டி, தார்வாடில் பேடா வாங்கிக்கொண்டு பெல்காமில் தங்கல். நாலாம் நாள் கோலாப்பூர், கராட், சத்தாரா வழியாகப் புனே. கராடில் கிருஷ்ணாவும் கொய்னாவும் நேருக்கு நேர் வந்து முட்டிக் கலக்கின்றன. ஆறு பக்கவாட்டில் வந்து சேருவதைப் பார்த்திருக்கிறோம், எதிரெதிரே வந்து கட்டிப்பிடிப்பதைப் பார்த்ததில்லையே! ஐந்தாம் நாள் காலை கண்டாலா மலையிறங்கி பம்பாய். வங்காள விரிகுடாவில் கிளம்பி, தக்காணத்தின் மேல் ஏறி உட்கார்ந்து, அரபிக் கடலில் இறங்குகிறோம்.

ஒரு நாளைக்கு 350 கிலோமீட்டருக்கு மேல் கிடையாது. நாலு மணிக்கு வண்டி நின்றுவிட வேண்டும். இதைப் படிக்கும்போதே உனக்கு மூக்கில் வியர்த்திருக்கும். "ஒண்ணுக்குக்கூட நிறுத்த மாட்டானே இவன், கோட்டை பார்க்கிறேங்கிறான், தோசைங்கிறான்" என்று. சரோஜாவும் அதையேதான் கேட்டாள். மதுரைக்கு ஏழு மணி நேரத்தில் போனதை இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் மனுஷன் ஐந்து நாள் போட்டு பம்பாய் போகிறான் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

சரி, சொல்லிவிடுகிறேன்.

புரட்டாசி கடைசி சனிக்கிழமை காஞ்சிபுரம் போனோம். வரதரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது இருட்டிவிட்டது. ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் ரோடு வேலை நடக்கிற இடம். எதிரே வருகிறவன் எல்லாம் ஹைபீமில்தான் வருகிறான். ஒவ்வொரு விளக்கும் எனக்கு ஒரு விளக்காகத் தெரியவில்லை, மத்தாப்பூ மாதிரி விரிந்து கண்ணாடி முழுக்க அப்பிக்கொள்கிறது. ஒரு வருஷமாகவே இப்படித்தான். கண்ணாடி அழுக்கு என்று துடைத்துத் துடைத்து விட்டுக்கொண்டிருந்தேன். இடது லேனில் எழுபதில் போய்க்கொண்டிருந்தேன். திடீரென்று ரோட்டில் ஒரு வேப்பங்கிளை. ரோட்டில் எதற்கு வேப்பங்கிளை என்று மனசு கேட்பதற்குள் கை ஸ்டியரிங்கை ஒடித்துவிட்டது. பிரேக் டவுன் ஆன லாரி, கோபாலு. பின்விளக்கு கிடையாது. நாலு கல்லும் அந்தக் கிளையும்தான் அடையாளம். லாரியின் பின்பலகையில் எழுதியிருந்ததைத் தாண்டுகிற நேரத்தில் படித்தேன், அவ்வளவு பக்கத்தில். வலது லேனில் அந்த நிமிஷம் யாரும் வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை.

சரோஜா பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். முழித்து "என்னங்க?" என்றாள். நாய் குறுக்கே வந்தது என்றேன். அடுத்த பெட்ரோல் பங்கில் நிறுத்தி, சக்கரத்தில் காற்று பார்க்கிறேன் என்று இறங்கி, பத்து நிமிஷம் அந்தக் காற்றடிக்கிற பையனிடம் என்னவோ பேசிக்கொண்டு நின்றேன். கை நிற்கவில்லை. வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

மறுவாரம் தனியாகப் போய்க் கண்ணைக் காட்டினேன். இரண்டிலும் புரை ஆரம்பித்திருக்கிறது, வலது கண்ணில் அதிகம். வில்லை மங்கும்போது எதிர் வெளிச்சம் சிதறுமாம், அதனால்தான் மத்தாப்பூ. பகலில் பெரிதாக வித்தியாசம் தெரியாது. ராத்திரியில் ஓட்டாதீர்கள் என்றார். வேடிக்கை என்னவென்றால், ஜூலையில்தான் லைசென்ஸைப் புதுப்பித்தேன். படிவம் 1ஏ, டாக்டர் கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தது, ஐந்து வருஷம் கொடுத்துவிட்டார்கள். பேப்பர்படி நான் கழுகு.

உன் அடுத்த கேள்வி தெரியும். "ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வாடா, கால் மணி நேர வேலை, நான் பண்ணிக்கலையா?" பண்ணிக்கொண்டாய், மறுநாளே பேப்பர் படித்தாய், நாலு பேரிடம் சொன்னாய், எல்லாம் சரி. எனக்கு எங்கள் அம்மாதான் கண்ணில் நிற்கிறாள். 1978-இல் அவளுக்குச் செய்தபோது இந்த லென்ஸ் வைக்கிற வசதியெல்லாம் வரவில்லை. தலையை அசைக்காமல் படுக்க வைத்து, பச்சைத் துணி கட்டி, கடைசியில் அந்தச் சோடாபுட்டிக் கண்ணாடி. அதற்கப்புறம் அவள் படி இறங்கும்போதெல்லாம் காலால் தடவித் தடவித்தான் இறங்கினாள். காலம் மாறிவிட்டது என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன பண்ண? கல்யாணம் முடியட்டும் என்று வைத்திருக்கிறேன். சரோஜாவிடம் சொன்னால் சாவியை அரிசி டப்பாவில் போட்டுவிடுவாள். பகலில்கூட என்னை ஓட்ட விடமாட்டாள், சேட்டு ஜெயித்துவிடுவான்.

ஆக, கோட்டையும் தோசையும் மிளகாயும் எதற்கு என்று இப்போது புரிகிறதா? இருட்டுவதற்குள் நிற்க ஒவ்வொரு நாளும் ஒரு சாக்கு வேண்டும். சாக்குத் தேடப் போய், சொன்னால் சிரிப்பாய், இப்போது அந்த இடங்களை எல்லாம் பார்க்க எனக்கே நிஜமான ஆசை வந்துவிட்டது.

ஆனால் ரோடு நம் டைம்டேபிளைக் கேட்காது. டயர் பஞ்சர் ஆகலாம், நாலு மணி ஆறு ஆகலாம். அதுவும் பெல்காமில் இருந்து சத்தாரா வரை கரும்புச் சீமை. தையில் அரவை உச்சத்தில் இருக்கும். ஒரு டிராக்டருக்குப் பின்னால் இரண்டு டிரெய்லர், கரும்பு இரண்டு பக்கமும் பிதுங்க, ஊர்ந்து போகும்; விளக்கு இருந்தாலும் தோகை மறைத்துக்கொள்ளும். எனக்கு அந்த வேப்பங்கிளைதான் ஞாபகம் வருகிறது. அந்த நேரத்தில் ஸ்டியரிங்கில் நீ உட்கார வேண்டும். அதற்குத்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

நீ ஓட்டினால் ஒரே நிபந்தனை. நியூட்ரல் கிடையாது. ஏலகிரியில் பதினான்கு வளைவும் நியூட்ரலில் இறக்கி, கீழே வந்து பிரேக் புகைந்து, "பெட்ரோல் மிச்சம்" என்று பல்லைக் காட்டினாயே, அதைக் கண்டாலாவில் செய்தால் தங்கச்சியிடம் உலக்கையைக் கொடுத்துவிடுவேன். உன் கஞ்சத்தனத்துக்கும் சேர்த்தே சொல்கிறேன்: இப்போதைய வண்டிகளில் கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் இஞ்சினுக்குப் போகிற பெட்ரோலே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் குடிக்கும். ஆக இப்போதைய வண்டியில் நீ செலவுதான் பண்ணுகிறாய். மூன்றாம் கியர், தேவைப்பட்டால் இரண்டாம் கியர், பிரேக்கை விட்டு விட்டு.

டோல் கணக்கும் உனக்காகவே பார்த்துவிட்டேன். ஆகஸ்ட் 15-இல் இருந்து ஃபாஸ்டாகில் வருஷ பாஸ் வந்திருக்கிறது, 3,000 ரூபாய் (2025 விலை), ஒரு வருஷம் அல்லது 200 தடவை, எது முதலில் முடிகிறதோ அது. தேசிய நெடுஞ்சாலை டோலுக்குத்தான் அது செல்லும். நைஸ் ரோட்டுக்கும் புனே-பம்பாய் எக்ஸ்பிரஸ்வேக்கும் தனியாக அழ வேண்டும். பாஸ் என் செலவு, அந்த இரண்டும் உன்னுடையது. பெட்ரோல் பாதிப் பாதி.

வண்டி தயாராகிக்கொண்டிருக்கிறது. டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்குமே, முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். என்னுடையதில் 2318 என்று இருந்தது. பட்டன் நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் ஏழு வருஷ ரப்பர். நாலையும் மாற்றிவிட்டேன், ஸ்டெப்னியையும் சேர்த்து. உன் வண்டியில் இன்றைக்கே குனிந்து பார். குனிய முடிந்தால். பளபளக்கிற சிவப்பு முக்கோணம் இரண்டு வாங்கி டிக்கியில் போட்டிருக்கிறேன். நம் வண்டி நின்றால் யாரும் வேப்பங்கிளையைத் தேட வேண்டாம்.

பதில் எழுதாதே. தபால்காரரிடம் வாங்குவது சரோஜாதான், பிரித்துவிடுவாள். நீ வருவதாக இருந்தால் போன் பண்ணி, ஸ்பீக்கரில் அவள் கேட்கும்படியே, "வாலாஜாவுல டீ நல்லா இருக்குமாடா?" என்று மட்டும் கேள். நான் புரிந்துகொள்வேன். வர முடியாது என்றால் வழக்கம்போல முழங்கால் வலியைப் பற்றிப் பேசு.

தங்கச்சிக்கு என் அன்பு. இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டாதே. அவளும் சரோஜாவும் தினமும் பதினொரு மணிக்குப் பேசுகிறார்கள்.

இப்படிக்கு,
உன் வெங்கு

பி.கு: கழுத்து வலிக்கு உனக்குத் தலையணை எடுத்துவர வேண்டாம். இரண்டு வாங்கியாயிற்று.