பழுது தேடும் வகுப்பு

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது என்று அம்மாவிடம் சொன்னேன், அவவுக்கு நல்ல சந்தோசம். வெள்ளவத்தை வழமை போலத்தான், பகல் முழுக்க வெக்கை, பின்னேரம் மழை, காலி வீதியில் அசைய முடியாது.

தொழிற்சாலைப் பிரச்சினைகளைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்கு வகுப்பில் எப்படிப் படிப்பிக்கிறாய் என்று கேட்டிருந்தாய். முதல் தலையிடி பாடமில்லை, பழக்கம். ஏ.எல். காலம் முழுக்க டியூஷனில் பழைய வினாத்தாள் செய்து வந்த பிள்ளைகள். கேள்வியில் ஒரு எண் இருந்தால் அதைப் பாவித்தே ஆக வேண்டும், இல்லாத எண் தேவைப்படாது என்று நம்புகிறார்கள். தொழிற்சாலையில் அப்படியா? தேவையில்லாத எண்கள் நூறு கிடக்கும், தேவையான ஒன்றை நீதான் போய் எடுக்க வேண்டும், எடுத்தது உண்மையா என்றும் பார்க்க வேண்டும்.

அதனால் நானே தொழிற்சாலையாக நிற்கிறேன். போன கிழமை கொடுத்த கணக்கு இது: தேங்காய் எண்ணெயை 3 பார் ஸ்டீமால் 90 பாகைக்குச் சூடாக்கும் எக்ஸ்சேஞ்சர், இப்போது 71 பாகைக்கு மேல் ஏறவில்லை. கேட்டால்தான் பதில், ஒவ்வொரு கேள்விக்கும் விலை உண்டு. லொக் புத்தகம் பார்க்க பத்து நிமிடம், சாம்பிள் ஆய்வுகூடத்துக்குப் போனால் நாலு மணித்தியாலம், எக்ஸ்சேஞ்சரைக் கழற்றினால் இரண்டு நாள் உற்பத்தி போச்சு. முன்வரிசைப் பெடியன்கள் உடனே, "குழாயில் அழுக்குப் படிந்திட்டுது சேர், கழற்றிக் கழுவுவம்" என்றார்கள். சரி, கழற்றுங்கோ என்று இரண்டு நாளைக் கழித்துவிட்டேன். உள்ளே ஒன்றுமில்லை.

பின்னால் இருந்த பிள்ளை ஒன்று கேட்டது, "எப்ப தொடங்கினது சேர், கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுதா, சட்டென்றா?" முந்தாநாள் இரவு ஷிப்டில், சட்டென்று என்றேன். அழுக்கு அப்படி வராது, கிழமைக் கணக்கில் மெல்ல மெல்லத்தான் இறக்கும். பிறகு குழாய்களைச் சுற்றி ஸ்டீம் நிற்கும் வெளி ஓட்டின் (ஷெல்) மேலும் கீழும் வெப்பநிலை அளக்கக் கேட்டாள். கேஜ் 3 பார் காட்டினால் ஸ்டீம் 144 பாகை அளவில் இருக்கும். மேலே அதற்குக் கிட்ட, கீழே 80 சொச்சம். ஸ்டீமைப் பிடித்து வைத்துத் தண்ணீரை மட்டும் வெளியே விடும் ஸ்டீம் ட்ராப் அடைத்து, ஒடுங்கிய தண்ணீர் வெளியேறாமல் தேங்கி, கீழ்க் குழாய்களை மூடிவிட்டது. ஸ்டீம் பிரஷர் கேஜ் மட்டும் எல்லாம் சரி என்றே காட்டிக்கொண்டிருந்தது. ஒரு மணித்தியாலம்கூட அவளுக்குச் செலவாகவில்லை.

கேஜை நம்புவது பற்றி 2005இல் அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் நடந்த வெடி விபத்தைத்தான் சொல்வேன். எண்ணெயை வடித்துப் பிரிக்கும் கோபுரத்துக்குள் எண்ணெய் ஏறிக்கொண்டே போக, மட்டம் காட்டும் கருவி மெல்ல இறங்குவதாகக் காட்டியது. 15 பேர் செத்தார்கள். உள்ளே போவது எவ்வளவு, வெளியே வருவது எவ்வளவு என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் கருவி பொய் சொல்கிறது என்று தெரிந்திருக்கும், ஆனால் அந்த இரண்டு எண்களும் ஒரே திரையில் இருக்கவில்லை. முதலாம் வருடத்தில் படிப்பிக்கும் திணிவுச் சமநிலை, மச்சான்! அதைப் பரீட்சைக்கான கணக்கு என்று மட்டும் நினைக்கிறார்கள், அதுதான் எனக்குக் கோபம்.

இப்போது ஒரு விதி வைத்திருக்கிறேன். காரணம் சொல்பவர், அது பிழையென்றால் எதைப் பார்ப்போம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள். சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் கலந்து அடிபடுவார்கள், பக்கத்து வகுப்பில் இருந்து ஆள் வந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம். புள்ளி போடுவதுதான் கரைச்சல், விடையை விட வழிக்குக் கூடப் புள்ளி என்றால் மேலே இருப்பவர்களுக்கு விளங்குவதில்லை.

சரி, உன்னிடம் ஒரு உதவி. உன்ர பிளான்டில் இரவு ஷிப்டில் மாட்டுப்பட்ட கேஸ் ஒன்று அனுப்பு, அந்த நேரத்து எண்கள் எல்லாவற்றோடும், சம்பந்தமில்லாததையும் சேர்த்து. கம்பனி பெயர் வேண்டாம். விடையையும் இப்போது எழுதாதே, முதலில் நானும் தேடிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய லேப் கூட்டாளி