வரைபடத்தைக் கழற்றிவிட்டீர்கள், மலை அங்கேயேதான் இருக்கிறது

பினாங்குக் கொடிமலைப் பாதைகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரிகள் அனைவருக்கும்,

வணக்கம்.

"அனைவருக்கும்" என்று போடக் காரணம் உண்டு. எந்தப் பாதை யாருடைய பொறுப்பு என்று ஐந்து வாரமாக விசாரித்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு கவுன்டரிலும் அடுத்த கவுன்டரைக் காட்டினார்கள். சரி, யார் கையில் கிடைக்கிறதோ அவர் படித்துக்கொள்ளட்டும் என்று எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

கேட்க வந்தது ஒன்றுதான். மலைப் பாதைகளுக்கு ஒரே ஒரு வரைபடம் கொடுங்கள். அதில் தேதி போடுங்கள். படத்தில் இருக்கும் எண்ணும் கம்பத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கட்டும்.

உங்கள் பலகை வரைபடத்தை நம்பிப் போய் நாங்கள் மலையில் வழி தவறிய பிறகு எழுதிய முதல் கடிதத்திலும் இதைத்தான் கேட்டிருந்தேன். நடவடிக்கை எடுத்துவிட்டதாகப் பதில் வந்தது. போன ஞாயிறு காலை அந்த நடவடிக்கையைப் பார்க்கப் போனோம். நுழைவாயில் பலகையில் இருந்த வரைபடத்தைக் காணோம். நான்கு மூலையிலும் ஸ்குரூ ஓட்டை, நடுவில் வெயில் படாத சதுரம் ஒன்று, சுற்றிலும் இருப்பதைவிடக் கொஞ்சம் பச்சையாக. பக்கத்திலேயே பளபளவென்று புதுப் பலகை, நான்கு மொழியில் எச்சரிக்கையோடு. படம் தப்பு என்று சொன்னோம், படத்தையே கழற்றிவிட்டீர்கள். தலைவலிக்குத் தலையை எடுத்த வைத்தியம்.

அந்தப் புதுப் பலகையின் தமிழ் வரியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 31 ஆண்டு தமிழ்ப்பள்ளியில் சிவப்பு மையோடு உட்கார்ந்திருந்தவன் நான். "சொந்த பொருப்பில் நுழையவும்" என்று இருக்கிறது. பொறுப்புக்கு வல்லின றகரம். இடையின ரகரம் போட்டுப் "பொருப்பு" என்று எழுதினால் மலை என்று பொருள், அகராதியைப் பார்த்துக்கொள்ளலாம். ஆக, அவரவர் சொந்த மலையில் நுழையச் சொல்லி நீங்களே பலகை வைத்திருக்கிறீர்கள். எங்கள் நடைக் கூட்டத்தில் இதை வைத்து இரண்டு நாள் சிரித்தோம். அப்புறம் மற்ற மூன்று மொழிகளையும் படித்தோம். அவற்றில் எழுத்துப் பிழை இல்லை. வழி தவறினால் எங்களைக் கேட்காதே என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

வழி தவறிய அன்று நடந்தது உங்கள் கோப்பில் இருக்கிறது, முழுக்கத் திருப்பிச் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த ஒரு கம்பத்தை மட்டும் இன்னொரு முறை காட்ட வேண்டும்.

நாங்கள் ஏழு பேர். அதில் 63 வயது அக்கா ஒருவர், 11 வயதுப் பையன் ஒருவன். காலை ஏழுக்குத் தாவரவியல் பூங்கா பக்கமிருந்து ஏறி, மேலே பசியாறிவிட்டு, மேற்குச் சரிவில் பாலிக் புலாவ் பக்கம் இறங்குவதாகத் திட்டம். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், மழைக்கோட்டு, விசில், டார்ச் லைட் எல்லாம் இருந்தன. நுழைவாயில் பலகையைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருந்தோம். "நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்" என்ற சிவப்புப் புள்ளியை வருகிறவர் போகிறவர் எல்லாரும் விரல் வைத்துத் தேய்த்து, அந்த இடத்தில் வெள்ளை வட்டம்தான் மிச்சம் இருந்தது. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

மாலை நாலரை வாக்கில் ஒரு சந்திக்கு வந்தோம். படத்தில் அங்கே இரண்டு கிளை, தரையில் மூன்று. ஒன்றில் சிவப்பு ரிப்பன், இன்னொன்றில் மஞ்சள் ரிப்பன். எப்போதோ நடந்த ஓட்டப்போட்டிக்குக் கட்டியவர்கள் அவிழ்க்க மறந்துபோனதாக இருக்கும். மூன்றாவதில் ஒரு கம்பம், அதில் 14 என்ற எண். அப்பாடா என்றிருந்தது. படத்தில் 14-ஐத் தேடினோம். இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம், காலையில் நாங்கள் ஏறிவந்த பள்ளத்தாக்கில்.

மழை பிடித்துக்கொண்டது. கம்பம் இருந்த பாதையை நம்பி முக்கால் மணி நேரம் இறங்கினோம். பாதை முடிந்துவிட்டது. புல் மூடி மறைந்திருந்தால்கூடப் பரவாயில்லை, கத்தியால் வெட்டிய மாதிரி நின்றது. கீழே செம்மண் சரிவு, அதில் ஆள் உயரத்துக்கு மேல் இளமரங்கள். சரிந்து எத்தனையோ மழைக்காலம் ஆகியிருக்கிறது என்று அந்த மரங்களே சொல்லின. திரும்ப ஏறினோம். ஆறரை ஆகிவிட்டது. காட்டுக்குள் ஏழு மணிக்கே கை தெரியாது. அக்காவின் முட்டி வீங்கத் தொடங்கியிருந்தது. கம்பத்துக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் மட்டும் ஒரு கோடு சிக்னல் வந்தது. 999-ஐ அழைத்தேன்.

எடுத்த பெண் பொறுமையானவர், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கே இருக்கிறீர்கள் என்றார். 14-ஆம் கம்பத்தில் என்றேன்.

"எந்த 14?"

டார்ச் அடித்துக் கம்பத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எந்தப் பாதை, யார் நட்டது, எந்த ஆண்டு, ஒன்றும் இல்லை. 31 ஆண்டு பிள்ளைகளைக் கேள்வி கேட்டு நிற்க வைத்தவன், ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் மழையில் நின்றேன். கைப்பேசியில் 9 சதவீதம். பையன்தான் சமயோசிதமாக அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தான். மூன்றாவது தசமத்தில் இணைப்பு அறுந்துவிட்டது.

கடைசியில் எங்களுக்கு வழி காட்டியது நாய். எங்கேயோ கீழே குரைத்தது. நாய் இருந்தால் டுரியான் தோட்டம் இருக்கும் என்றார் கூட்டாளி ஒருவர். குரைப்பைப் பிடித்துக்கொண்டே இறங்கினோம். பழம் தரையில் விழாமல் மரத்துக்கு மரம் கட்டியிருந்த வலைக்கு அடியில் குனிந்து போனால் ஒரு தகரக் கொட்டகை. அங்கிருந்த சீனப் பெரியவர் பழம் திருட வந்தவர்கள் என்று நினைத்துப் பாராங் என்னும் வெட்டுக்கத்தியோடு எழுந்து வந்தார். அக்கா நொண்டுவதைப் பார்த்ததும் பாராங்கைக் கீழே போட்டுவிட்டு நாற்காலி எடுத்துவந்தார். கைப்பேசியில் இருந்த உங்கள் வரைபடத்தைக் காட்டினோம். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இந்தப் பெத்தா செத்துப்போச்சு," என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். பெத்தா என்றால் வரைபடம். நாங்கள் போய் நின்ற பாதை, 2017 நவம்பர் புயல் மழையில் இந்தத் தீவே மூழ்கிக் கிடந்தபோது சரிந்துபோனதாம். பிறகு படத்தில் வெறும் பச்சையாக இருந்த இடத்தைத் தொட்டு, இங்கே வழி இருக்கிறது என்றார். அந்த வழியாகத்தான் அக்காவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, எங்களைப் பின்னால் நடக்கவிட்டு, இரவு ஒன்பதரைக்குத் தார் ரோட்டில் சேர்த்தார்.

அந்தப் பெரியவருக்குத் தெரிந்தது உங்கள் படத்துக்கு ஏன் தெரியவில்லை? படத்தில் தேதி இருந்திருந்தால், பழசு என்றாவது எங்களுக்குத் தெரிந்திருக்கும். வேறு வழியில் போயிருப்போம்.

உங்கள் பதிலில் இன்னொன்றும் இருந்தது: வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளவும். நல்ல யோசனை. வழிகாட்டிகளாகப் போகும் தம்பிகள் இரண்டு பேரைக் கேட்டோம். அவர்கள் கைப்பேசியிலும் அதே பலகையின் படம்தான் இருக்கிறது. ஆப் இருக்கிறதே என்பீர்கள். ஆப்பில் இருப்பது யாரோ நடந்த தடம். அவர் வழி தவறி நடந்திருந்தால் தவறிய வழியும் அதே நீலக் கோடுதான்.

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. மகள் வேலை பார்க்கும் ஹாங்காங்குக்குப் போன ஆண்டு போயிருந்தேன். அங்கே மெக்லஹோஸ் பாதை என்று 100 கிலோமீட்டருக்கு ஒன்று, 1979-இல் திறந்தது. 500 மீட்டருக்கு ஒரு கம்பம். ஒவ்வொன்றிலும் பாதையின் எழுத்து, கம்பத்தின் எண், வரைபடக் கட்ட எண். அவசரத்துக்கு அழைத்தால் அந்த எண்ணைச் சொன்னால் போதும், "எந்த 14" என்ற கேள்விக்கே இடமில்லை. நடக்கிறவர்களுக்கென்றே அரசாங்க நில அளவைத் துறை போடும் வரைபடத்தைக் கடையில் காசு கொடுத்து வாங்கினேன். அங்கே மிக உயரமான தாய் மோ ஷான் 957 மீட்டர். நம் மலை 833. இந்த 124 மீட்டரிலா இவ்வளவு வித்தியாசம்?

அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர். பாதையை அங்கங்கே திருப்பிவிடுவதால் அதன் நீளமே ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும். அதற்காகத் தூரக் கையேட்டை ஆண்டுதோறும் புதிதாக அச்சிடுகிறார்கள். மலை சரியும், பாலம் போகும், பாதை மாறும். அது யார் குற்றமும் இல்லை. மாறியதைத் தாளில் மாற்றாததுதான் எங்கள் வருத்தம்.

படம் போடும்போது தூரத்தோடு நேரத்தையும் எழுதுங்கள். பூங்காவிலிருந்து உச்சிக்குப் போகும் ஜீப் ரோடு ஏறக்குறைய 5 கிலோமீட்டர் என்றதும், ஒரு மணி நேரம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு செருப்போடு கிளம்புகிறவர்களை வாராவாரம் பார்க்கிறோம். 1892-இலேயே நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கணக்குச் சொல்லிவிட்டார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதற்கு மேல் 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. இந்த ஏற்றம் 600-க்கும் மேல். ஆக, இரண்டு மணிக்குக் குறையாது. அதிலும் அவருக்கு நம் ஊர்ப் புழுக்கம் தெரியாது.

2021-இல் யுனெஸ்கோ இந்த மலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தபோது நாங்களும் பெருமைப்பட்டோம். உட்கார்ந்து போகிறவர்களுக்கு 1923-இலிருந்து ரயில் ஓடுகிறது, இப்போது கேபிள் கார் திட்டமும் இருக்கிறது. போகட்டும், வயதானவர்களுக்கு நல்லதுதான். நடந்து போகிறவனுக்கு மட்டும் ஒரு தாளுக்குப் பஞ்சம். இங்கே வரைபடம் போட ஆளில்லை என்று சொன்னால் நம்ப மாட்டேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலைச் சுற்றி எந்த ரோடு எத்தனை மணிக்கு அடைப்பு என்று சந்து சந்தாகச் சொல்லும் ஊர் இது.

கோபத்தில் கொஞ்சம் கூடப் பேசியிருந்தால் மன்னியுங்கள். மரியாதையாகவே மறுபடி கேட்கிறேன். ஒரு வரைபடம், அதில் தேதி, கம்பத்தோடு பொருந்தும் எண். கழற்றிய இடத்திலேயே மாட்டிவிடலாம், ஓட்டைகள் தயாராக இருக்கின்றன. தமிழ் வரிகளை அச்சுக்கு முன் அனுப்பினால் காசு வாங்காமல் திருத்தித் தருகிறேன்.

அளந்து பார்க்க ஆள் இல்லை என்றால், அடுத்த மாத முதல் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பூங்கா வாசலில் நாங்கள் ஆறு பேர் ஜிபிஎஸ் கருவியோடு நிற்போம். அக்காவுக்கு முட்டி இன்னும் சரியாகவில்லை, அவர் வரவில்லை. தோட்டத்துப் பெரியவர் அந்தப் பக்கமிருந்து ஏறிவந்து 14-ஆம் கம்பத்தில் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். எந்த 14 என்று அவருக்குத் தெரியும். உங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவரை அனுப்பிவையுங்கள். தண்ணீர் மட்டும் 2 லிட்டர் கொண்டுவரட்டும், பசியாற நாசி லெமாக் நாங்கள் கட்டிக்கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
ஆயர் ஈத்தாமிலிருந்து,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர்