இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

டிசம்பர் பிறந்ததும் அச்சகங்களில் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகள் ஓட ஆரம்பித்துவிடும். அவற்றில் அடிக்கடி இடம்பிடிக்கும் வசனங்களில் ஒன்று யோபு 8:7. "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்." கடைத் திறப்பு பேனரிலும் வரவேற்பறைச் சுவரிலும் இதைப் பார்க்கலாம். இதைச் சொன்னது கடவுள் அல்ல, யோபுவும் அல்ல. சொன்னவர் யோபுவின் சிநேகிதர் பில்தாத். பத்துப் பிள்ளைகளை ஒரே நாளில் பறிகொடுத்துவிட்டுச் சாம்பலில் உட்கார்ந்திருக்கும் மனிதரிடம், 'உம் பிள்ளைகள் பாவம் செய்தார்கள், அதற்கான பலனை அடைந்தார்கள்' என்ற பொருள்பட மூன்று வசனங்களுக்கு முன்தான் அவர் பேசியிருக்கிறார். அதன்பின், 'நீர் சுத்தமாயிருந்தால்' என்று ஒரு நிபந்தனையும் போட்டுவிட்டுத்தான் இந்த வார்த்தைக்கு வருகிறார். கடைசி அதிகாரத்தில் கடவுள் எலிப்பாசை அழைத்து, உன்மேலும் உன் இரண்டு சிநேகிதர்மேலும் எனக்குக் கோபம், "நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்கிறார் (42:7). அந்த இருவரில் ஒருவர் பில்தாத். யோபுவின் பின்னாட்கள் ஆசீர்வாதமாக முடிந்தது உண்மைதான். ஆனால் அது பில்தாத் போட்ட கணக்கின்படி நடந்ததல்ல. அந்தக் கணக்கு தவறு என்று காட்டத்தான் 42 அதிகாரங்கள்.

பள்ளித் தமிழ்த் தேர்வில் 'இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக' என்று ஒரு வினா வரும். யார் சொன்னது, யாரிடம், எந்த நேரத்தில் என்று எழுதாவிட்டால் மதிப்பெண் குறையும். கைகேயி பேசியதைக் கம்பர் வாக்கு என்று சட்டம் போட்டு யாரும் மாட்டுவதில்லை, ஏனென்றால் கதை முழுவதும் நமக்குத் தெரியும். வேதாகமப் புத்தகங்களை முழுதாகக் கேட்கும் வாய்ப்பு நம் சபையாருக்குக் கிடைப்பதே இல்லை. இந்த வாரம் சங்கீதத்தில் ஒரு வசனம், அடுத்த வாரம் ஏசாயாவில் ஒன்று, கன்வென்ஷனில் வேறொன்று. நாற்பது வருடம் தவறாமல் ஆராதனைக்கு வந்தவர்களுக்கும் ஒரு புத்தகம் எங்கே தொடங்கி எப்படி முடிகிறது என்று சொல்ல முடிவதில்லை. அது அவர்கள் குற்றமல்ல, நாம் கற்றுக்கொடுத்த விதம் அப்படி.

ஆகவே போதகர்களுக்கும் உபதேசியார்களுக்கும் ஒரு வேண்டுகோள். வருடத்தில் ஒரு முறையாவது ஒரு புத்தகத்தை எடுத்து, முதல் வசனத்திலிருந்து கடைசி வசனம்வரை வாரம் தவறாமல் பிரசங்கியுங்கள்.

இது புதுப் பழக்கமல்ல. நான்காம் நூற்றாண்டில் பேர்பெற்ற பிரசங்கியார் கிறிசோஸ்தோம் மத்தேயு சுவிசேஷத்தைத் தொடர்ந்து விளக்கிய பிரசங்கங்களில் 90 நம் கைக்கு வந்திருக்கின்றன. சூரிச் நகரில் சபைச் சீர்திருத்தவாதி சுவிங்லி 1519 ஜனவரி 1 அன்று, அந்தந்த நாளுக்கென்று குறித்த பாடங்களை விட்டுவிட்டு, மத்தேயு முதல் அதிகாரத்தில் தொடங்கினார். புத்தாண்டு நாளை அப்படியும் ஆசரிக்கலாம். இன்னொரு சீர்திருத்தவாதி கால்வின் 1538இல் ஜெனீவாவிலிருந்து துரத்தப்பட்டு 1541இல் திரும்பியபோது, எதிரிகளைப் பற்றி ஒரு பேச்சும் பேசாமல், நிறுத்திய வசனத்துக்கு அடுத்த பகுதியிலிருந்து தொடர்ந்தார்.

முதன்முறை செய்கிறவர்கள் பெரும்பாலும் ரோமரையோ வெளிப்படுத்தின விசேஷத்தையோ எடுத்துக்கொண்டு நடுவழியில் நின்றுவிடுகிறார்கள். ரோமரில் 433 வசனங்கள். வாரம் பத்து வசனம் என்றாலும் 44 வாரம் ஆகும். அதற்குள் அறுப்பின் பண்டிகை, அசனம், கன்வென்ஷன், வெளியூர்ப் பிரசங்கியார் என்று பத்துத் தடவை நூல் அறுந்துபோகும். சிறிய புத்தகத்தில் தொடங்குங்கள். யோனா 48 வசனம், ஆபகூக் 56, பிலிப்பியர் 104. என்னைக் கேட்டால் ரூத்தைச் சொல்வேன். நான்கு அதிகாரம், 85 வசனம், ஐந்து ஞாயிறு போதும். தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்கு 1719இல் இறந்தபோது பழைய ஏற்பாட்டில் அவர் தமிழாக்கி முடித்திருந்தது ரூத் வரைக்கும்தான். தமிழில் ஏறக்குறைய முந்நூறு வருடமாக இருக்கிற இந்தப் புத்தகம் இன்றும் பெண்கள் ஞாயிறுக்கு ஒரு வசனமாகவும் திருமண ஆராதனைக்கு ஒரு வசனமாகவும் மட்டுமே பயன்படுகிறது.

தயாரிப்பு முதல் பிரசங்கத்துக்கு மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டும். விளக்கவுரை எதையும் திறக்காமல், புத்தகத்தை ஒரே மூச்சில் சத்தமாக வாசியுங்கள். இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வெவ்வேறு நாட்களில் ஐந்து முறை வாசியுங்கள். முடிந்தால் அதிகார எண், வசன எண், இடைத்தலைப்பு எல்லாவற்றையும் நீக்கித் தட்டச்சு செய்து வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் வந்தது. புதிய ஏற்பாட்டில் இன்றைய வசன எண்கள் 1551ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்தன. நம் பழைய மொழிபெயர்ப்பில் ஒவ்வொரு வசனமும் தனி வரியில் தொடங்குவதால், ஒவ்வொன்றும் தனிப் பொன்மொழிபோல் கண்ணுக்குப் படுகிறது. பாதி வியாதி அந்த அச்சமைப்பிலேயே இருக்கிறது.

மூன்றாவது வாசிப்பிலிருந்து, திரும்பத் திரும்ப வரும் சொற்களை அடிக்கோடிடுங்கள். ரூத்தில் அப்படி ஒரு சொல் 'வெறுமை'. பஞ்சம் பிழைக்கப் போன மோவாப் நாட்டில் கணவனையும் இரண்டு மகன்களையும் இழந்து பெத்லகேமுக்குத் திரும்பும் நகோமி, நிறைவுள்ளவளாய்ப் போனேன், கர்த்தர் என்னை வெறுமையாய்த் திரும்பிவரப் பண்ணினார் என்று ஊர்ப் பெண்களிடம் சொல்கிறாள் (1:21). பக்கத்தில் அவளுடைய விதவை மருமகள் ரூத் நின்றுகொண்டிருக்கிறாள். நகோமியின் கண்ணுக்கு ரூத் கணக்கிலேயே இல்லை. இரண்டு அதிகாரம் கழித்து, களத்திலிருந்து விடியற்காலையில் வந்த ரூத், நகோமி கணவனின் உறவினரான போவாஸ் கொடுத்த ஆறுபடி வாற்கோதுமையை இறக்கிவைத்து, உன் மாமியாரிடத்தில் வெறுமையாய்ப் போகவேண்டாம் என்று அவர் சொன்னார் என்கிறாள் (3:17). எபிரெயுவிலும் இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான். நகோமியின் கசப்புக்குப் பதில் வானத்திலிருந்து வரும் சத்தமாக இல்லை, மருமகளின் போர்வையில் கட்டிய தானியமாக வருகிறது. இதை அறியாதவர்கள் 'ஆறுபடி' என்ற எண்ணுக்கு ஆவிக்குரிய அர்த்தம் தேடி அரைமணி நேரம் பேசுகிறார்கள். புத்தகமே பதிலைக் கையில் கொடுத்திருக்கும்போது எண்ணைப் பிழியத் தேவையில்லை.

சில இடங்களில் மொழிபெயர்ப்பு இந்த இழையை மறைத்துவிடும். 2:12இல் போவாஸ் ரூத்திடம், கர்த்தருடைய 'செட்டைகளின்கீழ்' (சிறகுகளின்கீழ்) அடைக்கலமாய் வந்தவள் என்கிறார். 3:9இல் ரூத் அவரிடம், உம்முடைய 'போர்வையை' விரியும் என்கிறாள். எபிரெயுவில் செட்டைக்கும் போர்வை ஓரத்துக்கும் ஒரே சொல், கானாப். கடவுளுடைய செட்டை என்று வாயால் ஆசீர்வதித்தீரே, அந்தச் செட்டை நீரே ஆகக்கூடாதா என்று அவள் கேட்கிறாள். அதே வசனத்தில் வரும் 'சுதந்தரவாளி' என்ற சொல்லையும் கட்டாயம் விளக்க வேண்டும். இன்றைய காதுக்குச் சுதந்தரம் என்றால் விடுதலை. பழைய வேதாகமத் தமிழில் அது பரம்பரைச் சொத்துரிமை. இங்கே, கைவிட்டுப்போன குடும்ப நிலத்தை மீட்கும் கடமையுள்ள நெருங்கிய உறவினன் என்று பொருள். நிலத்தை மீட்பது பற்றிய லேவியராகமம் 25ஐயும், இறந்தவனுடைய மனைவியை அவன் சகோதரன் மணப்பது பற்றிய உபாகமம் 25ஐயும் ஐந்து நிமிடம் எடுத்துச் சொல்லாமல் நான்காம் அதிகாரத்துக்குப் போனால், ஊர் வாசலில் பத்து மூப்பர் முன்னிலையில் ஒருவன் ஏன் பாதரட்சையைக் கழற்றுகிறான் என்று யாருக்கும் விளங்காது. அளவுகளும் அப்படியே. ரூத் ஒரே நாளில் பொறுக்கித் தட்டியெடுத்த 'மரக்கால்' எபிரெயுவில் ஏப்பா, ஏறக்குறைய 22 லிட்டர். பார்லியாகச் சுமார் 13 கிலோ வரும். கதிர் பொறுக்குகிறவளுக்கு அது எவ்வளவு பெரிய கூலி என்று நம் கிராமத்துச் சபையார் சொன்னவுடனே பிடித்துக்கொள்வார்கள்.

பங்கீட்டைக் கதைப்படி செய்யுங்கள். முதல் மூன்று அதிகாரங்களுக்கு மூன்று ஞாயிறு. நான்காவதை 12ஆம் வசனத்தில் வெட்டி இரண்டு ஞாயிறாக்குங்கள். ஒரே வாரத்தில் முடித்தால் சட்ட விளக்கமே நேரத்தைத் தின்றுவிடும். கடைசியில் பாரேஸ் முதல் தாவீதுவரை வரும் பத்துப் பெயர்களை, புத்தகம் எதற்காக எழுதப்பட்டதோ அந்தப் பெயர்களை, அவசரமாக வாசித்துவிட்டு ஆசீர்வாதம் கூறவேண்டி வரும். 35 நிமிடம் இருந்தால், முந்தின வாரத்தை நினைவூட்ட இரண்டு நிமிடம், பகுதியை முழுதாக வாசிக்க ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். வாசிப்பவர் முந்தின நாளே ஒத்திகை பார்க்கட்டும். தடுமாறி வாசித்தால் கதை அங்கேயே செத்துப்போகிறது. சனிக்கிழமை இரவுக்குள் அந்தப் பகுதி சொல்வதை ஒரே வாக்கியத்தில் எழுத முடியவில்லை என்றால், பிரசங்கம் இன்னும் தயாராகவில்லை.

நம்மிடம் அதிகம் நடக்கும் பிழை, ரூத்தை நல்ல மருமகளுக்கான பாடமாகச் சுருக்குவது. "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம்" என்பதை மணமகள் மணமகனிடம் சொல்வதுபோல் திருமணங்களில் வாசிக்கிறோம். அது ஒரு விதவை இன்னொரு விதவையிடம் நடுரோட்டில் சொன்னது. மூன்றாம் அதிகாரத்தில் போவாஸ் அவளைக் 'குணசாலி' என்கிறார். நீதிமொழிகள் 31:10இன் 'குணசாலியான ஸ்திரீ' என்பதும் எபிரெயுவில் இதே சொற்றொடர். தமிழும் அந்த ஒற்றுமையைக் காப்பாற்றியிருக்கிறது. அந்தப் பட்டம் யாருக்குக் கிடைக்கிறது? மோவாபிய ஸ்திரீக்கு. மோவாபியன் பத்தாம் தலைமுறையிலும் சபைக்கு உட்படலாகாது என்று உபாகமம் 23:3 சொல்ல, தாவீதின் கொள்ளுப்பாட்டி மோவாபியப் பெண் என்று இந்தப் புத்தகம் முடிகிறது. சாதி பார்த்து வரன் தேடும் சபைகளில் இதைச் சும்மா கடந்துபோக முடியாது. விருப்பப்பட்ட வசனத்தை மட்டும் எடுக்கிற போதகர் இந்தப் பேச்சைத் தவிர்த்துவிடலாம். புத்தகத்தை வரிசையாக எடுக்கிறவருக்கு அந்த வழி இல்லை. சபையாரும், நம்மைக் குத்திக்காட்டப் போதகர் இதைத் தேடி எடுத்தார் என்று சொல்ல மாட்டார்கள்.

அல்மனாக்கில் (சபை நாட்காட்டியில்) ஒவ்வொரு ஞாயிறுக்கும் கருப்பொருளும் பாடமும் குறித்திருக்கும் சபைகளில் இது நடக்குமா என்று கேட்கலாம். பண்டிகைகள் குறைந்திருக்கும் பெந்தெகொஸ்தேவுக்குப் பின்வரும் மாதங்களில் மாலை ஆராதனையிலோ, புதன்கிழமை வேதபாடத்திலோ, வீட்டு ஜெபக்கூட்டத்திலோ தொடங்கலாம். அறுப்பின் பண்டிகைக்கு முந்தின ஐந்து வாரம் ரூத்துக்கு மிகப் பொருத்தம், கதையே அறுப்புக் காலத்தில் நடக்கிறது. யூதர்களும் இதை அறுப்போடு சேர்ந்த பெந்தெகொஸ்தே நாளில்தான் வாசிக்கிறார்கள்.

பாரத்தோடு வருகிறவர்களுக்கு அன்றைக்கு ஒரு ஆறுதல் வசனம் வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. முதல் ஐந்து வசனத்துக்குள் பஞ்சம், பிழைப்புக்காக ஊர்விட்டுப் போதல், மூன்று சாவு. அதன்பின் 'என்னை மாராள் (கசப்பானவள்) என்று சொல்லுங்கள்' என்று ஒரு தாய் கடவுள்மேலேயே குறைசொல்லி அழுகிறாள். அவளை யாரும் கண்டிக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர் அந்த ஞாயிறு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், அட்டையில் அச்சடித்த வரியைவிட இது அவருக்கு நெருக்கமாக இருக்கும்.

ஐந்தாம் ஞாயிறு பிரசங்கத்தைப் பதினைந்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள். கதை சொல்பவர், நகோமி, ரூத், போவாஸ் என்று நான்கு பேரை நிறுத்தி, 85 வசனத்தையும் சபை முன்னால் முழுதாக வாசிக்கச் செய்யுங்கள். எழுத்துத் தெரியாத பாட்டிமாரை முன்வரிசையில் உட்கார வையுங்கள். 3:17 வரும்போது, 'வெறுமையாய்' என்ற சொல்லில் வாசிப்பவர் ஒரு கணம் நிறுத்தட்டும்.

இப்படிக்கு,
வேதபாட ஆசிரியர்,
பாளையங்கோட்டை.