அந்தக் கழுத்துக் கம்ப்யூட்டரை முடித்துவிட்டேன்

திருப்பூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள ரேவதி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. ஓசூரில் வீடு மாற்றியது, சின்னவனைப் புதுப் பள்ளியில் சேர்த்தது எல்லாம் படித்துச் சந்தோஷப்பட்டேன். இங்கே அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. காலண்டரில் இருக்கும் பொடி எழுத்தைக்கூடத் தூரத்திலிருந்தே படித்துக் காட்டுகிறார்.

உடனே பதில் எழுதாததற்கு நீ கடைசியில் கேட்டிருந்த கேள்விதான் காரணம். ‘அந்தக் கழுத்தில் மாட்டும் கம்ப்யூட்டர் என்ன ஆச்சு, தூக்கிப் போட்டுவிட்டாயா?’ என்று கேட்டிருந்தாய். அரைகுறையாக ஒரு பதில் சொல்ல மனம் வரவில்லை. நேற்று அதை மாட்டிக்கொண்டு ஒரு நிட்டிங் யூனிட்டில் இரண்டு மணி நேரம் வேலை பார்த்தேன். அதனால் இப்போது எழுதலாம்.

உனக்கு நினைவிருக்கும். 2009 நவம்பரில் மைசூர் இன்போசிஸ் வளாகத்தில் டெட் இந்தியா மாநாடு நடந்தது. அதில் பிரணவ் மிஸ்திரி பேசியதை ஹாஸ்டலில் உன் லேப்டாப்பில் எத்தனை தடவை போட்டுப் பார்த்திருப்போம்! குஜராத்தின் பாலன்பூரில் பிறந்தவர், அப்போது அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மீடியா லேபில் ஆராய்ச்சி மாணவர். கழுத்தில் ஒரு கேமரா, ஒரு சின்ன புரொஜெக்டர், ஒரு முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு. மணிக்கட்டில் விரலால் வட்டம் போட்டால் அங்கே கடிகாரம் தெரிந்தது. இரண்டு கை விரல்களையும் சட்டம் மாதிரி பிடித்தால் போட்டோ எடுத்தது. உள்ளங்கையில் போன் நம்பர்கள் விழ, அதைத் தொட்டே டயல் செய்தார். ‘சிக்ஸ்த் சென்ஸ்’ என்று பெயர். அதே ஆண்டு பிப்ரவரியில் அவருடைய வழிகாட்டி பேட்டி மேஸ் கலிபோர்னியாவில் இதை அறிமுகப்படுத்தியபோது, மொத்தச் செலவு 350 டாலர்தான் என்றார். அதையே நம் கல்லூரி புராஜெக்டாகச் செய்து பார்க்க அந்தத் தொகைதான் நமக்குத் தைரியம் கொடுத்தது.

அவருக்கு முன்னால் ஸ்டீவ் மான் என்பவர் இதே எம்.ஐ.டி.யில் 1990-களிலேயே உடம்பில் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு நடமாடியிருக்கிறார், கழுத்தில் தொங்கும் கேமராவையும் வெளிச்சம் போடும் கருவியையும் 2000-லேயே எழுதிவிட்டார் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது நமக்கு மிஸ்திரி ஒருவர்தான்.

அவர் நாலு விரலிலும் நாலு நிறத்தில் மூடி மாட்டியிருந்தார். நாம் இன்சுலேஷன் டேப் சுற்றினோம், சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். அந்த நிறத்தை வைத்துத்தான் கேமரா விரலைப் பின்தொடரும். புராஜெக்ட் வைவா அன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கையில் சிவப்பு ஃபைல் இருந்தது. அவர் ஃபைலை அசைக்க அசைக்க, திரையில் நம் கர்சர் அதன் பின்னாலேயே ஓடியது. அன்று நீ அழுததை நான் மறக்கவில்லை. அது நம் கவனக்குறைவு என்றுதான் பல வருஷம் நினைத்திருந்தேன். இல்லை, ரேவதி. படங்களை அலசும் ஓபன்சிவி மென்பொருளில் நாம் எழுதிய நிரலில் நிறம் 0-லிருந்து 179 வரை ஒரு வட்டமாக ஓடுகிறது. சிவப்பு அந்த வட்டத்தின் இரண்டு முனையிலும் இருக்கிறது. நாம் ஒரு முனையை மட்டும் எழுதிவிட்டு, சரியாகப் பிடிக்கவில்லை என்று எல்லையை அகட்டிக்கொண்டே போனோம். நம் தோலின் நிறமும் அந்த முனையில்தான் இருக்கிறது. அதோடு லேபில் இருந்தது சோக் போட்ட பழைய டியூப்லைட். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது வினாடிக்கு 100 தடவை மின்னும். கேமரா 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்கான அமைப்பில் இருந்ததால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு ஓடியது. கேமராவை 50-க்கு மாற்ற ஒரே வரி போதும். அந்த வரியைச் சொல்லித்தர அன்று நமக்கு யாரும் இல்லை.

சரி, இப்போது எதற்கு இது? என் வேலை உனக்குத் தெரியும். நிட்டிங் மெஷினின் எலக்ட்ரானிக் சர்க்யூட் கார்டுகளை ரிப்பேர் செய்கிறேன். பாதிக் கார்டுகள் கடைக்கு வந்துவிடும். மீதியை மெஷினிலிருந்து கழற்றினால் வேலை நின்றுபோகும் என்பதால் யூனிட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும். வலது கையில் மல்டிமீட்டர் முனை, இடது கையில் இன்னொரு முனை. சர்க்யூட் படம் போனில். ஒவ்வொரு தடவையும் முனையை விட்டு, கையைத் துடைத்து, போனைத் தொட்டுப் பக்கம் திருப்பி, மறுபடி அந்தப் பின்னைத் தேட வேண்டும். ஒரு நாளைக்கு நூறு தடவை. அந்தப் படம் என் கண்ணெதிரே, கார்டுக்குப் பக்கத்திலேயே விழுந்தால் என்ன என்று யோசித்தபோதுதான் நம் புராஜெக்ட் சாமான்கள் இருக்கும் பழைய மூட்டை பரணில் கிடப்பது ஞாபகம் வந்தது.

முதலில் மீடியாபைப் என்ற மென்பொருளை முயன்றேன். கூகுள் 2019-ல் வெளியிட்டது. கையில் 21 புள்ளிகளைத் தானே கண்டுபிடிக்கும், டேப் எதுவும் வேண்டாம். லேப்டாப்பில் அருமையாக ஓடியது. என்னிடம் இருந்த பழைய ராஸ்பெர்ரி பை 3 என்ற உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர் போர்டில் திணறியது. புது போர்டு வாங்கியிருந்தால் அது சரியாகியிருக்கும். ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. புரொஜெக்டர் வெளிச்சம் என் கை மேலேயே விழுகிறது. கை மேல் சர்க்யூட் படம் ஊர்ந்தால், கை எது, கோடு எது என்று கேமரா குழம்பிப் போகிறது.

அதனால் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்துக்குப் போனேன். அகச்சிவப்பு எல்.இ.டி. ஆறு வாங்கினேன், 850 நானோமீட்டர். இரண்டிரண்டாகத் தொடரில் வைத்து, ஒவ்வொரு ஜோடிக்கும் 100 ஓம் போட்டால் 5 வோல்ட்டில் 20 மில்லி ஆம்பியர் போகும். அதற்கு மேல் ஏற்ற வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்துக்குக் கண்ணின் பாப்பா சுருங்காது. ராஸ்பெர்ரி பை-க்கென்றே அகச்சிவப்பைத் தடுக்காத ‘நோ-ஐஆர்’ கேமரா கிடைக்கிறது. ஆனால் சாதாரண வெளிச்சத்தை மறைத்து அகச்சிவப்பை மட்டும் விடும் வடிகட்டி ஒன்று அதற்கு வேண்டுமே? அம்மாவின் பீரோவில் அவர்கள் கல்யாணக் கலர் நெகட்டிவ் சுருள் இருந்தது. அதன் தலைப்பில், படம் எதுவும் இல்லாமல் வெளிச்சம் பட்டுக் கறுத்துப்போன துண்டு ஒன்று இருக்குமே, அதைக் கேட்டு வாங்கி, இரண்டாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று வைத்து லென்ஸில் ஒட்டினேன். நம் கண்ணுக்கு அது கரி. அகச்சிவப்புக்கோ கண்ணாடி மாதிரி. திரையைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. அறை முழுவதும் இருட்டு, என் கை மட்டும் பால் மாதிரி வெள்ளையாகத் தெரிகிறது. புரொஜெக்டர் போடும் படம் சுத்தமாகக் காணோம். விளக்குகள் கேமராவுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் கிட்டே இருக்கும் கை மின்னுகிறது, எட்ட இருப்பதெல்லாம் மங்கிவிடுகிறது.

அப்புறம்தான் உண்மையான கேள்வி வந்தது. எந்த அசைவைக் கட்டளையாக வைப்பது? கையை இடப்பக்கம் வீசினால் அடுத்த பக்கம் என்று முதலில் வைத்தேன். கடைக்கு ஒருவர் வந்தார். அவருடைய மெஷினில் என்ன பழுது என்று விளக்க ஆரம்பித்தேன். அவ்வளவுதான், மேசை மேல் பக்கங்கள் பறந்தன. நாம் பேசும்போது கை சும்மா இருக்காது. மிஸ்திரியின் வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அதில் கை அசையும்போதெல்லாம் அது கருவியோடுதான் பேசுகிறது. கடையில் அப்படி இல்லை. கை பாதி நேரம் மனிதர்களோடு பேசுகிறது, மீதி நேரம் வேலை செய்கிறது. அசைவைக் கண்டுபிடிப்பது சுலபம். இந்தக் கை இப்போது யாரிடம் பேசுகிறது என்று கண்டுபிடிப்பதில்தான் எனக்கு நாலு மாதம் போனது.

வழி காட்டியது மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்த ஆண்ட்ரூ வில்சன் 2006-ல் எழுதிய கட்டுரை. கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்துப் பார். உப்பு எடுக்கும் சிட்டிகைதான். நடுவில் ஒரு ஓட்டை தெரிகிறதா? மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு வெள்ளைக் கைக்குள் ஒரு கறுப்புப் பொட்டு. விரலைப் பிரித்த கணமே பொட்டு மறைந்துவிடும். இவ்வளவுதான் விஷயம். விரல் எத்தனை, எலும்பு எங்கே என்று எதையும் எண்ண வேண்டாம், ஓட்டை இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் போதும். 320-க்கு 240 புள்ளி அளவுப் படத்தில் ராஸ்பெர்ரி பை 3 இதை அலட்டாமல் செய்கிறது. தொடர்ந்து மூன்று படங்களில் ஓட்டை தெரிந்தால்தான் சிட்டிகை என்று எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பத்தில் ஒரு பங்கு வினாடிதான் ஆகிறது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு. சிட்டிகை போட்டதை என் விரல்களே உணர்கின்றன. காற்றில் கை வீசும்போது ‘எடுத்ததா, இல்லையா’ என்று திரையைப் பார்க்க வேண்டியிருந்தது. இப்போது அந்தச் சந்தேகமே வருவதில்லை.

முதல் நாள் வளையல் மாட்டிவிட்டது. மணிக்கட்டுக்கும் கண்ணாடி வளையலுக்கும் நடுவில் ஒரு பிறை மாதிரி இடைவெளி இருக்குமல்லவா, அதையும் ஓட்டை என்று எடுத்துக்கொண்டது. வளையலைக் கழற்றி வைக்க எனக்கு இஷ்டமில்லை. இதை மாட்டுகிறவர்கள் கையில் வளையலும் இருக்கும் என்று கருவிதான் கற்றுக்கொள்ள வேண்டும். ஓட்டை எவ்வளவு வட்டமாக இருக்கிறது என்று அளக்க நாலு வரி சேர்த்தேன், தீர்ந்தது.

அடுத்த நாளே இன்னொன்று. ரெசிஸ்டரை எடுப்பதும் சிட்டிகைதான், சால்டர் வயரைப் பிடிப்பதும் சிட்டிகைதான்! என் வேலையே சிட்டிகையில் நடக்கிறது. அன்று விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன்.

விடை வேறு ஒரு கோளாறைச் சரிசெய்யும்போது வந்தது. கருவி நெஞ்சில் தொங்குவதால் நான் மூச்சு விடும்போதெல்லாம் படம் மேலும் கீழும் ஆடியது. எழுத்தைப் படிக்கவே முடியவில்லை. லாரிக்குப் பின்னால் ஒட்டும் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் இருக்கிறதே, வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புவது? அதில் சின்னச் சின்னச் சதுரம் நாலு வெட்டி, ஏ4 அளவு வெள்ளைக் காந்தத் தகடு ஒன்றின் நாலு மூலையிலும் ஒட்டினேன். கேமராவில் அவை நாலும் நட்சத்திரம் மாதிரி எரிகின்றன. ஒவ்வொரு படத்திலும் அந்த நாலு மூலையைக் கண்டுபிடித்து, அதற்குத் தகுந்தபடி சர்க்யூட் படத்தை வளைத்துப் போடுகிறது நிரல். இப்போது நான் மூச்சு விட்டாலும், லேசாகச் சாய்ந்தாலும் படம் தகட்டை விட்டு நகர்வதில்லை. தகட்டை மெஷின் பேனல் கதவில் ஒட்டவைத்துக்கொள்ளலாம்.

அப்போதுதான் புரிந்தது. நாலு ஸ்டிக்கருக்குள் சிட்டிகை போட்டால் அது கருவிக்கு. வெளியே போட்டால் அது என் வேலை, அல்லது எதிரே நிற்பவரிடம் பேச்சு. கருவி திரும்பிப் பார்க்கவே வேண்டாம். சிட்டிகை போட்டு இழுத்தால் படம் நகர்கிறது, போட்டு உடனே விரலைப் பிரித்தால் பக்கம் திரும்புகிறது. இரண்டே இரண்டு கட்டளைதான், மூன்றாவது எனக்குத் தேவைப்படவில்லை. உலகத்தில் எந்தச் சுவரையும் திரையாக்கலாம் என்றுதானே அன்று நாம் மயங்கினோம்? என் சின்ன புரொஜெக்டர் தரும் மொத்த வெளிச்சம் 30 லூமன்தான். ஒரு சதுர மீட்டர் சுவரில் பரப்பினால் அந்தப் பரப்பில் விழும் வெளிச்சம் 30 லக்ஸ், டியூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. அதையே ஏ4 தகட்டுக்குள் அடக்கினால் கிட்டத்தட்ட 480 லக்ஸ் கிடைக்கிறது, நிழலில் நன்றாகப் படிக்கலாம்.

நேற்று போன யூனிட்டில் நூல் அறுந்தால் மெஷினை நிறுத்தும் சென்சார் கார்டில் பழுது. அறுபட்டாலும் நிற்கவில்லை, அறுபடாமலே நின்றது. பேனலைத் திறந்து, கதவில் தகட்டை ஒட்டி, படத்தைப் போட்டேன். கூரையில் ஒரு ஒளிபுகும் ஷீட் வழியாக வெயில் விழுந்துகொண்டிருந்தது. வெயிலில் அகச்சிவப்பு ஏராளம், கேமரா முழுக்க வெளுத்துப்போனது. அங்கிருந்த ஆபரேட்டர் அக்கா ஒருவர், நான் கேட்காமலே ஒரு துணித் தானை எடுத்து வந்து மறைத்துப் பிடித்துக்கொண்டார். இரண்டு கையும் முனைகளில் இருக்க, இடது கையை மட்டும் ஒரு நொடி விட்டு, தகட்டின் மேல் சிட்டிகை. மூன்றாம் பக்கம். கனெக்டரின் ஏழாவது பின். ஈயம் பார்வைக்குப் பளபளவென்று இருந்தது, அடியில் மயிரிழை வட்டமாக வெடிப்பு. சூடு வைத்து ஒரு சொட்டு ஈயம் விட்டேன், மெஷின் ஓடியது. அந்த அக்கா துணியைக் கீழே வைத்துவிட்டு, தகட்டின் மேல் தானும் ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்தார். பக்கம் திரும்பியது. இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார்.

குறைகளும் சொல்ல வேண்டும். புரொஜெக்டர் விசிறியில் இரண்டு மணி நேரத்தில் பஞ்சு அடைத்துவிட்டது. கொசுவலைத் துணி ஒன்றைக் கட்டிப் பார்க்கப் போகிறேன். கழுத்துப் பட்டை அறுத்தது, அதைத் தோள் இரண்டிலும் போடும் ஸ்கூல் பேக் வாராக மாற்ற வேண்டும். பவர் பேங்க் இடுப்பில் இருக்கிறது, அதில் தொல்லை இல்லை. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தாங்குகிறது.

பொங்கலுக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். சின்னவனையும் கூட்டி வா. வரும்போது நம் புராஜெக்ட் ரிப்போர்ட்டின் உன் பிரதியை எடுத்து வருவாயா? என்னுடையது மழையில் நனைந்து பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. பின்னட்டையின் உள்பக்கம் நீ பென்சிலில் ஒரு கை வரைந்து, விரல் நுனிகளில் நாலு நிறம் தீட்டியிருப்பாய். அதை என் மேசைக்கு மேல் மாட்டிவைக்க வேண்டும்.

அன்புடன்,
கவிதா