அலுமாரி எந்த மொழி?

ஆசிரியர் அவர்களுக்கு,

இருமொழி பேசுவோரின் மூளையில் ஒவ்வொரு மொழிக்கும் தனி இடம் உண்டு என்கிறது கடந்த ஞாயிறு இதழின் மருத்துவக் கட்டுரை. 1997 இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வைத்தான் அது சுற்றிவளைத்துச் சொல்கிறது போலும். அதில் பங்கேற்றோர் 12 பேர். இரண்டாம் மொழியைப் பிந்திக் கற்றவர்களுக்கு மட்டும், அதுவும் பேச்சை உருவாக்க உதவும் புரோக்கா என்ற மூளைப் பகுதியில் மட்டும், இரு மொழிகளும் சற்று விலகித் தெரிந்தன. சிறுவயதிலேயே இரண்டையும் பழகியவர்களுக்கு ஒரே இடம்தான்.

மூளைக்கும் மொழிக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த மிஷேல் பரடிஸ் குழுவினர் 1982 இல் ஒரு கன்னியாஸ்திரியைப் பற்றிப் பதிவுசெய்தார்கள். மூளையில் அடிபட்டுப் பேச்சுப் பாதிக்கப்பட்ட அவருக்கு ஒரு நாள் அரபு வரும், பிரெஞ்சு வராது. இன்னொரு நாள் மறுவளமாக நடக்கும். இடமே அழிந்திருந்தால் மொழி எப்படித் திரும்பி வரும்?

கொழும்பில் இந்தக் கருத்தால் கெடுதல் உண்டு. பாரிசவாதம் வந்தவர் சிங்களத்தில் சமாளித்து, தமிழில் தடுமாறினால், "தமிழ் இருந்த இடம் அடிபட்டுப்போச்சு" என்று வீட்டார் முடிவுகட்டுகிறார்கள். பேச்சுச் சிங்களத்தில் வினை ஆளுக்கேற்ப மாறாது: மம யனவா, எயா யனவா, அபி யனவா. தமிழிலோ நான் போறன், அவ போறா, நாங்கள் போறம். வினைமுடிவு நழுவுகிற பழுது ஒன்றேதான். தமிழில் அது உடனே காதில் விழும், சிங்களத்தில் ஒளிந்துகொள்ளும்.

நோயாளியின் பேச்சைச் சோதிக்கப் படம் காட்டிப் பெயர் கேட்பதிலும் சிக்கல் உண்டு. அலுமாரி, மேசை, யன்னல் மூன்றும் போர்த்துக்கேயரிடமிருந்து இரு மொழிக்கும் வந்த சொற்கள். நோயாளி "மேச..." என்று நிறுத்தினால் எந்த மொழி வாயில் வந்தது என்று யாரும் சொல்லமுடியாது. அதற்குப் பதில் திறப்பைக் காட்டுங்கள், சிங்களத்தில் அது யதுர. பஸ் படம் எதற்கும் உதவாது, ஆங்கிலத்தையும் சேர்த்துக் குழப்பிவிடும்.

ஒரு மொழிச் சோதனையை அப்படியே மற்ற மொழிக்கு மொழிபெயர்ப்பதும் வீண். புலி, புளி படங்களால் ல, ள வேறுபாடு கேட்கிறதா என்று தமிழில் பார்க்கலாம். சிங்களத்தில் கொட்டியா, சியம்பலா என்றால் ஒலிச்சோதனையே போய்விடும். ஒவ்வொரு மொழிக்கும் வேறு நாள் வேண்டும், சோதிப்பவர் அன்று அந்த மொழியில் மட்டுமே பேசவேண்டும். எந்த வயதில் எந்த மொழி, காசு எண்ணுவது எதில் என்பதையெல்லாம் முதலே வீட்டாரிடம் கேட்டு வைக்கவேண்டும். சில வாரங்களின் பின் திரும்பவும் சோதிக்கவேண்டும். எந்த மொழியில், எந்தத் திகதியில் பார்த்தது என்று அறிக்கையில் இல்லாவிட்டால், வீட்டார் கேட்டு எழுதுவித்துக்கொள்ளலாம்.

பேச்சு மொழிச் சிகிச்சையாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06